பாட்டி பட்ட பசியும் பேத்தியின் உடம்பும்

ஜோகன்னஸ்பர்க் நகரின் ஓரத்தில் கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு அலெக்சாண்ட்ரா. 1950களின் தொடக்கத்தில் ஸீனா ஸ்டைன், மெர்வின் சஸ்ஸர் என்ற இளம் மருத்துவத் தம்பதி அங்கிருந்த சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தார்கள். நிறவெறி அரசை எதிர்த்தவர்களுக்கு அந்த நாட்டில் நிம்மதியாக இருக்க வழியில்லை. முதலில் இங்கிலாந்து, பிறகு 1960களில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் என்று இடம் மாறினார்கள். அன்றைய அமெரிக்காவில் ஒரு கருத்து பரவலாக இருந்தது: ஏழைத் தாய் வயிறாரச் சாப்பிடாததால் கருவிலேயே குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுகிறது, ஏழைப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவது அதனால்தான். இரக்கத்தோடு சொல்லப்பட்ட கருத்துதான். ஆனால் அதை ஒப்புக்கொண்டுவிட்டால் பள்ளிக்கூடத்தையோ தெருவையோ யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை; குழந்தை பிறக்கும்போதே குறையோடு வந்துவிட்டது என்று முடித்துவிடலாம்.

ஸ்டைனும் சஸ்ஸரும் இதைச் சோதிக்க நினைத்தார்கள். கர்ப்பிணிகளைப் பட்டினி போட்டுப் பார்க்கும் சோதனையை யாரும் செய்ய முடியாது. போர் அதைச் செய்திருந்தது. 1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகளுக்குக் கைகொடுக்க நெதர்லாந்து ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலுக்கு ஜெர்மன் ராணுவம் நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போகும் வழியை அடைத்தது. தடையைக் கொஞ்சம் தளர்த்திய நேரத்தில் கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்துபோக, படகுகளும் நின்றுவிட்டன. ஆம்ஸ்டர்டாம், ரோட்டர்டாம், ஹேக் நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்குக் கிடைத்த ரேஷன் நவம்பர் முடிவில் 1000 கலோரிக்குக் கீழே போனது. அடுத்த சில மாதங்கள் 400 முதல் 800 கலோரிதான். மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். 20,000 பேருக்கு மேல் செத்தார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்ததும் சில வாரங்களில் சாப்பாடு பழைய நிலைக்குத் திரும்பியது.

பஞ்சங்கள் பெரும்பாலும் மெல்ல வந்து மெல்லப் போகும். ஏழைகளை மட்டும் பிடிக்கும். கணக்கு வைத்துக்கொள்ள அலுவலகம் எதுவும் மிஞ்சாது. இந்தப் பஞ்சத்துக்கோ தேதி இருந்தது. ரேஷன் கணக்கும் பிரசவ ஆஸ்பத்திரிப் பதிவேடுகளும் அப்படியே இருந்தன. ஆண் பிள்ளைகள் எல்லோரையும் 19 வயதில் கட்டாய ராணுவச் சேவைக்காகப் பரிசோதித்த ஆவணமும் இருந்தது. அதில் அறிவுத்திறன் தேர்வும் அடக்கம்.

சுமார் 1,25,000 இளைஞர்களின் பதிவுகளை அலசி 1972இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: கருவில் பட்டினி கிடந்தவர்களுக்கும் கிடக்காதவர்களுக்கும் அறிவுத்திறனில் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. இந்தப் பஞ்சத்தை மேற்கோள் காட்டும் இன்றைய கட்டுரைகள் இந்த முதல் முடிவை அநேகமாகச் சொல்வதேயில்லை. ‘ஏழையின் குறை ஏழையின் உடம்பிலேயே இருக்கிறது’ என்ற வாதத்தை முறியடிக்கத் திரட்டிய தரவு, அரை நூற்றாண்டு கழித்து ஏறக்குறைய அதே வாதத்தின் புதிய வடிவத்துக்குச் சாட்சியாக நிற்கிறது.

அதற்காகப் பஞ்சம் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடாது. 1976இல் இதே குழு 3 லட்சம் ராணுவப் பதிவுகளைப் பார்த்தது. கருக்காலத்தின் முதல் பாதியில் பட்டினி பட்டவர்களில் உடல் பருமன் கூடுதலாக இருந்தது. கருக்காலத்தின் கடைசியிலும் பிறந்த உடனேயும் பட்டினி பட்டவர்களில் குறைவாக இருந்தது. அந்தத் தலைமுறை நடுவயதை எட்டியபோது இரத்தச் சர்க்கரைக் கோளாறு அவர்களிடம் அதிகம் என்பது 1998இல் தெரிந்தது. பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களிடம் மனச்சிதைவு நோய் ஏறத்தாழ இருமடங்கு. பிரசவத்தின்போது எடை சரியாக இருந்த குழந்தைகளுக்கும் இப்படி நேர்ந்திருந்தது. கருவிலிருந்த சில மாதப் பட்டினியை உடம்பு அறுபது வருஷம் எங்கே வைத்திருந்தது?

2008இல் லைடன் பல்கலைக்கழகத்தின் பாஸ் ஹெய்மன்ஸும் கொலம்பியாவின் எல்.எச்.லூமியும் இதற்கு ஒரு விடையோடு வந்தார்கள். பஞ்ச மாதங்களில் கருவான 60 பேரை, பஞ்சத்துக்கு முன்போ பின்போ பிறந்த அவர்களின் சொந்தச் சகோதர சகோதரிகளோடு ஒப்பிட்டார்கள். கரு வளர்ச்சியில் முக்கியப் பங்குள்ள ஐ.ஜி.எஃப்-2 என்ற மரபணுவின் மேல் இருக்க வேண்டிய மெத்தில் குறிகள், பஞ்சத்தில் கருவானவர்களிடம் சுமார் 5 சதவீதம் குறைவாக இருந்தன.

எபிஜெனெடிக்ஸ் என்ற துறை பேசுவது இந்தக் குறிகளைப் பற்றித்தான். பெயரை 1942இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் வாடிங்டன் வைத்தார். ஈரலின் செல்லிலும் கண்ணின் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. ஒன்று ஈரலாகவும் மற்றது கண்ணாகவும் ஆவதற்குக் காரணம், எந்த மரபணு எங்கே எவ்வளவு வேலை செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் வேதிக் குறிகள். அவற்றில் நன்கு ஆராயப்பட்டது மெத்தில்: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். அது ஒட்டிய இடத்தில் மரபணு பெரும்பாலும் அடங்கியிருக்கும். மெத்திலுக்கான மூலப்பொருள் ஃபோலேட், பி-12 போன்ற சத்துகள் வழியாகச் சாப்பாட்டிலிருந்து வருகிறது. ஆக, கருவான சமயத்தில் தாய் சாப்பிட்டதும் சாப்பிடாததும் பிள்ளையின் செல்களில் குறியாக நிற்கக்கூடும்.

நிற்கக்கூடும் என்றுதான் சொல்ல முடியும். ஹெய்மன்ஸும் லூமியும் இடம்பெற்ற குழுவே பின்னர் இன்னொரு சாத்தியத்தையும் முன்வைத்தது: பட்டினி குறிகளை மாற்றியிருக்க வேண்டிய அவசியமில்லை, சில வகைக் குறி கொண்ட கருக்கள் மட்டும் அந்தக் குளிர்காலத்தில் தங்கிப் பிழைத்திருக்கலாம். மற்றவை கலைந்துபோயிருக்கும். அறுபது வருஷம் கழித்து எடுத்த இரத்தத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இங்கிருந்து பத்திரிகைத் தலைப்புகள் ஒரே தாவாகத் தாவின. தாத்தா பாட்டியின் துயரம் பேரப்பிள்ளைகளின் மரபணுவில் பதிந்திருக்கிறது. அடிமைத்தனமும் இனப்படுகொலையும் சாதியும் இரத்தத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த பலர் இதை ஆறுதலாகவே எடுத்துக்கொண்டார்கள். ‘நடந்ததெல்லாம் நடந்தது, இன்னும் எதற்கு அழுகை’ என்று கேட்பவனிடம் காட்ட ஓர் ஆய்வகச் சான்று கிடைத்ததுபோல இருந்தது. அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. சான்றுதான் அவ்வளவு கனத்தைத் தாங்காது.

முதலில் ஓர் உடற்கூற்று உண்மை. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஐந்து மாதப் பெண் கருவில் 60, 70 லட்சம் இருக்கும். கர்ப்பிணி பட்டினி கிடந்தால் அவள், அவள் வயிற்றுப் பிள்ளை, அந்தப் பிள்ளைக்குள் இருக்கும் பேரப்பிள்ளையின் விதை என மூன்று தலைமுறையும் ஒரே நேரத்தில் பட்டினியை நேரடியாக அனுபவிக்கின்றன. ஆகவே பேத்தியிடம் ஒரு மாற்றம் தெரிந்தால் அது மரபுவழி வந்தது என்று சொல்ல முடியாது. அவளும் அங்கே இருந்தாள். கொள்ளுப்பேத்தியிடமும் தெரிந்தால்தான் மரபு என்ற பேச்சுக்கு இடம். மனிதர்களிடம் அவ்வளவு தூரம் தொடர்ந்து நிறுவிய ஆய்வு இதுவரை இல்லை.

அடுத்தது, இயற்கையே வைத்திருக்கும் அழிப்பு ஏற்பாடு. கருத்தரித்தவுடன் ஒருமுறையும், கருவுக்குள் விந்தணு, கருமுட்டைகளின் முன்னோடிச் செல்கள் உருவாகும்போது மறுமுறையும் பழைய மெத்தில் குறிகள் ஏறக்குறைய மொத்தமாகத் துடைக்கப்படுகின்றன. கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியின் குழு 2015இல் மனிதக் கருச்செல்களில் இதைப் பார்த்தது. டி.என்.ஏ.வில் சுமார் 5 சதவீதம் மட்டும் இந்தத் துடைப்புக்குத் தப்புகிறது. தப்பும் இடத்தில் ஏதேனும் கடந்து வரலாம். கதவு முழுதாக மூடவில்லை. அந்த இடுக்கு வழியாக ஒரு சமூகத்தின் முந்நூறு ஆண்டு வரலாறு நுழைந்து வருகிறது என்று சொல்லத் துணிச்சல் அதிகம் வேண்டும்.

அதிகம் பேசப்பட்ட ஆய்வு, நியூயார்க்கின் ரேச்சல் யெஹூதா செய்தது. நாஜி இனப்படுகொலையில் தப்பிய 32 யூதர்கள், அவர்களின் பிள்ளைகள் 22 பேர். ஒப்பிட எடுத்துக்கொண்டவர்கள் இன்னும் குறைவு: பெற்றோர் 8, பிள்ளைகள் 9. மன அழுத்தத்தைக் கையாளும் எஃப்.கே.பி.பி-5 மரபணுவில் ஓரிடத்தில், தப்பியவர்களிடம் மெத்தில் 10 சதவீதம் கூடுதலாகவும் பிள்ளைகளிடம் 7.7 சதவீதம் குறைவாகவும் இருந்தது. பெற்றோரிடம் ஏறியது பிள்ளையிடம் இறங்கியிருக்கிறது. எதிர்த்திசையில் போகும் ஒன்றைக் கைமாறி வந்த குறி என்று எப்படிச் சொல்வது? போதாததற்கு, இரத்தம் பல வகைச் செல்களின் கலவை. கலவையின் விகிதம் மாறினாலே மெத்தில் கணக்கும் மாறும். யெஹூதா தம் கட்டுரையில் எச்சரிக்கையாகத்தான் எழுதினார். உலகம் முழுக்கப் போனது தலைப்பு மட்டுமே.

வட ஸ்வீடனின் ஓவர்காலிக்ஸ் வட்டாரத்துக் கதை இன்னும் வேடிக்கை. அந்த ஊர்க்காரரான லார்ஸ் ஓலோவ் பிக்ரென், பழைய அறுவடைக் கணக்குகளையும் தேவாலயப் பதிவேடுகளையும் வைத்து, தாத்தா சிறுவனாக இருந்தபோது கிடைத்த உணவுக்கும் பேரனின் ஆயுளுக்கும் தொடர்பு கண்டார். 2018இல் உப்சாலா நகரத்தின் பெரிய தரவில், 11,000க்கும் அதிகமான பேரப்பிள்ளைகளைக் கொண்டு இதைச் சரிபார்த்தபோது தந்தைவழித் தாத்தா, பேரன் இணைக்கு மட்டும் தொடர்பு நின்றது. இதைப் பட்டினியின் வடு என்று மேற்கோள் காட்டுகிறவர்கள் கவனிக்காதது: அங்கே பேரனுக்குக் கேடு செய்தது தாத்தாவின் பஞ்சம் அல்ல, அவருக்கு வாய்த்த அமோக விளைச்சல்.

எலிகளிடமிருந்து வந்த சான்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மான்ட்ரியாலில் மைக்கேல் மீனியும் மோஷே ஷிஃபும் 2004இல் காட்டினார்கள்: குட்டிகளை நன்றாக நக்கிச் சீராட்டும் தாயிடம் வளர்ந்தவை அமைதியாகின்றன, நக்காத தாயிடம் வளர்ந்தவை சின்னச் சத்தத்துக்கும் வெலவெலத்துப்போகின்றன. மூளையில் மன அழுத்த ஹார்மோனைத் தணிக்க உதவும் மரபணுவின் மெத்தில் குறியிலும் அந்த வேறுபாடு இருந்தது. பெண் குட்டி வளர்ந்து தாயாகும்போது தன் தாய் செய்ததையே செய்கிறது. பார்ப்பதற்கு அச்சு அசல் பரம்பரைக் குணம். ஆனால் பிறந்தவுடன் குட்டிகளை மாற்றிவைத்தபோது, அவை பெற்றவளைப் போல ஆகவில்லை. வளர்த்தவளைப் போல ஆயின. குறியும் அப்படியே மாறியது. தலைமுறை தோறும் ஒன்று தொடர்ந்தது உண்மை, உடம்பில் குறி இருந்ததும் உண்மை, அது விந்தணு வழியாகவோ கருமுட்டை வழியாகவோ வரவில்லை என்பதும் உண்மை. ஒவ்வொரு தலைமுறையிலும் அதே நடத்தை திரும்ப நடந்து, அதே குறியைப் புதிதாகப் போட்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டு கறுப்பின அமெரிக்கர்களைப் பார்க்கலாம். அங்கே கறுப்பினச் சிசுக்கள் வெள்ளையினச் சிசுக்களைவிட இருமடங்குக்கும் அதிகமாகச் சாகின்றன. வறுமை மட்டும் காரணமில்லை. பெற்றோர் இருவரும் கல்லூரிப் பட்டதாரிகளாக இருந்தபோதும் சிசு மரணம் 1000 பிறப்புக்கு வெள்ளையினத்தில் 5.4, கறுப்பினத்தில் 10.2 என்று 1992இல் ஓர் ஆய்வு சொன்னது. அடிமைத்தனம் உடம்பில் படிந்து இறங்குகிறது என்ற விளக்கம் இங்கே மிக வசதியாகப் பொருந்தும். எபிஜெனெடிக்ஸுக்கு முன்பே இதற்கொரு முன்னோடி இருந்தது: அடிமைக் கப்பல்களில் உப்பைத் தேக்கிவைக்கும் உடல்வாகு உள்ளவர்கள்தான் பிழைத்தார்கள், ஆகவேதான் அவர்கள் சந்ததிக்கு இரத்த அழுத்தம் என்ற கருதுகோள். அடிமை வணிக வரலாற்றாசிரியர் பிலிப் கர்ட்டின் அதற்கு ஆவண ஆதாரம் இல்லை என்று மறுத்தார். ரிச்சர்ட் கூப்பர் பல நாடுகளில் அளந்து பார்த்து 2005இல் வெளியிட்டதில், கறுப்பினக் குழுக்களில் உயர் இரத்த அழுத்தம் 14 முதல் 44 சதவீதம், வெள்ளையினக் குழுக்களில் 27 முதல் 55 சதவீதம். ஜெர்மனியின் வெள்ளையர்களிடம் அமெரிக்கக் கறுப்பினத்தவரைவிட அதிகம்.

சிகாகோவின் ஜேம்ஸ் காலின்ஸ், ரிச்சர்ட் டேவிட் என்ற இரு குழந்தை மருத்துவர்கள் 1997இல் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. இல்லினாய் மாநிலத்தில் 1980 முதல் 1995 வரை பிறந்த குழந்தைகளின் எடையை எடுத்தார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகள் சராசரி 3446 கிராம். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் 3089. ஆப்பிரிக்காவில் பிறந்து குடியேறிய கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் 3333. பின்னர் அடுத்த தலைமுறையையும் தொடர்ந்து பார்த்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளையினப் பெண்களின் பேத்திகள் அந்தப் பெண்களின் மகள்களைவிடக் கூடுதல் எடையோடு பிறந்தார்கள். ஆப்பிரிக்கா, கரீபியனிலிருந்து வந்த கறுப்பினப் பெண்களின் பேத்திகளோ எடை குறைந்து பிறந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்த பெண்ணின் பாட்டி அமெரிக்கத் தோட்டத்தில் சாட்டையடி வாங்கியவள் இல்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்ணாக வளர்ந்தது அவள் மகள்தான், எடை இறங்க அந்த ஒரு தலைமுறை போதுமாக இருந்தது.

ஒரு தலைமுறைகூட வேண்டியதில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய ஆறு மாதங்களில் கலிஃபோர்னியாவில் அரபுப் பெயர் கொண்ட தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 34 சதவீதம் கூடியது. மற்றப் பெண்களிடம் அப்படி இல்லை. 2008 மே மாதம் அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் ஊரில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையைச் சுற்றிவளைத்து ஏறக்குறைய 400 தொழிலாளர்களைக் குடியேற்றத் துறை பிடித்துச் சென்றது. அதற்குப் பின் மாநிலம் முழுக்க லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாருக்கு அந்த அபாயம் 24 சதவீதம் கூடியது. அமெரிக்காவிலேயே பிறந்த, யாராலும் நாடுகடத்த முடியாத பெண்களுக்கும் கூடியது. இந்த ஆய்வில் பங்கேற்ற ஆர்லின் ஜெரோனிமஸ், இடைவிடாத அவமதிப்பில் உடம்பு வயதுக்கு முன்பே தேய்ந்துபோகிறது என்று 1992 முதலே எழுதிவருபவர்.

தேய்ந்தது திரும்பவும் செய்கிறது. 1964இன் குடிமை உரிமைச் சட்டத்தையும் 1966இல் வந்த மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டின் நிபந்தனைகளையும் வைத்துத் தென் மாநில ஆஸ்பத்திரிகளின் நிறப் பாகுபாட்டை அரசு உடைத்தது. மிசிசிப்பி போன்ற இடங்களில் அதுவரை வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் செத்துக்கொண்டிருந்த கறுப்பினச் சிசுக்கள் ஆஸ்பத்திரிக் கதவு திறந்த சில வருஷங்களிலேயே பிழைக்கத் தொடங்கின. பொருளியலாளர்கள் டக்ளஸ் ஆல்மண்டும் கென்னத் சேயும் இன்னும் ஒரு படி போனார்கள்: 1960களின் பிற்பாதியில் பிறந்த கறுப்பினப் பெண்கள் தாயானபோது, முற்பாதியில் பிறந்தவர்களைவிட அவர்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் குறைவாகவே பிறந்தன.

நம் பக்கத்திலும் இப்போது ஒரு கதை உலவுகிறது: இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் இவ்வளவு வரக் காரணம் வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சங்கள். தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமை பற்றிச் சந்தேகம் யாருக்கும் இல்லை. 1877இல் பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை ஆளுக்கு ஒரு பவுண்டு தானியம், மேல்செலவுக்கு ஓரணா என்று வெட்டினார்; உடலுழைப்புக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். ஆனால் அந்தப் பஞ்சத்தின் குறி இன்றைய சென்னைக்காரரின் செல்லில் இருப்பதாக யாரும் அளந்து காட்டவில்லை. அளந்து காட்டப்பட்டிருப்பது வேறு. புனேயைச் சுற்றிய ஆறு கிராமங்களில் 1993 முதல் சித்தரஞ்சன் யாஜ்னிக் தொடர்ந்த ஆய்வில் குழந்தைகள் சராசரி 2.7 கிலோவோடு பிறந்தன. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. தசையும் உறுப்புகளும் சிறுத்திருக்க, தோலடிக் கொழுப்பு மட்டும் பெரிதாகக் குறையவில்லை. அந்தத் தாய்மாரில் பெரும்பாலோருக்கு பி-12 பற்றாக்குறை. எலிகளை ஐம்பது தலைமுறை அரைப்பட்டினியில் வைத்து, பிறகு இரண்டு தலைமுறை நல்ல உணவு கொடுத்தும் உடல் சீராகவில்லை என்ற ஆய்வு ஒன்றிலும் அவர் பங்கேற்றார். மரபுவழிக் குறி என்ற பக்கத்துக்கு இருக்கும் வலுவான சான்றுகளில் ஒன்று அது. ஆனால் நம் பெண்களின் பட்டினி 1877இல் முடிந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிடவில்லை. பி-12 பற்றாக்குறை இன்றைக்கும் இரத்தப் பரிசோதனையில் தெரிகிறது.

சாதி விஷயத்தில், பழைய வடுவா இன்றைய காரணமா என்ற இந்த வேறுபாடு நேரடியான அரசியல். 2015–16 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், பட்டியல் சாதியினரில் 43 சதவீதம், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவுகளில் சேராத மற்றவர்களில் 31 சதவீதம். அஸ்வினி தேஷ்பாண்டேயும் ராஜேஷ் ராமச்சந்திரனும் வட்டாரவாரியாகப் பார்த்தபோது, தீண்டாமையைக் கடைப்பிடிப்பதாக மக்களே ஒப்புக்கொள்வது எங்கே அதிகமோ அங்கே இந்த இடைவெளியும் அதிகம். தொட மறுக்கும் கையால் தடுப்பூசி போடுவதும் எடை பார்ப்பதும் எப்படி நடக்கும் என்று யோசித்தால் இது ஆச்சரியமில்லை. முப்பாட்டனின் இழிவு செல்லில் உறைந்திருக்கிறது என்று சொன்னால், பிறவிக் குணம் பேசுகிறவர்களுக்கு அது எவ்வளவு இனிக்கும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதும் அதைத்தானே.

நல்ல சாப்பாடும் தலைமுறை தாண்டுகிறது. மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் 1956இல் தொடங்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். விரித்தார், 2001இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க ஆணையாக்கியது. 1993 முதல் 2016 வரையிலான தேசியத் தரவுகளை வைத்து 2021இல் வெளிவந்த ஆய்வு, பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களின் குழந்தைகள் உயரமாக இருப்பதைக் கண்டது. 2006 முதல் 2016 வரை இந்தியக் குழந்தைகளின் உயரத்தில் வந்த முன்னேற்றத்தில் 13 முதல் 32 சதவீதம் வரை இதன் பங்காக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. ஏழை வீடுகளில் பலன் அதிகம். அந்தப் பெண்கள் கூடுதல் வருஷம் படித்தார்கள், குறைவான பிள்ளைகள் பெற்றார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்பவையே அவர்கள் சுட்டும் காரணங்கள். மெத்தில் குறியை யாரும் தேடவில்லை, தேவைப்படவும் இல்லை. 2022இல் தமிழ்நாடு அரசு காலைச் சிற்றுண்டியையும் சேர்த்தது. அடுத்த ஆண்டே, சமைப்பவர் தலித் பெண் என்பதால் தங்கள் பிள்ளைகளை அதைச் சாப்பிட விடாத பெற்றோர் செய்தித்தாள்களில் வந்தார்கள். அதிகாரிகள் நேரில் போய், அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.